ஆட்டம் நல்லாத்தானே இருந்துச்சு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈசூனில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. உயர்நிலை மூன்றில் படிக்கும் அக்கா மகன் மீன் குழம்பைத் தொடாமல் கைப்பேசியையே முறைத்துக்கொண்டிருந்தான். அவனும் நண்பர்களும் சேர்ந்து ஆடும் இணையத் துப்பாக்கி விளையாட்டு ஒன்றை மூடப்போகிறார்களாம். மூன்று மாதத்தில் சர்வர்கள் நிறுத்தப்படும் என்று அறிவிப்பு வந்திருந்தது.

"நல்லாத்தானே மாமா இருந்துச்சு? எதுக்கு மூடுறாங்க?"

அவனுடைய நண்பர்கள் அதற்குள் மூன்று காரணங்களைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவன் "கேம் குப்பை" என்றான். இன்னொருவன் "கம்பெனிக்குப் பேராசை" என்றான். மூன்றாமவன் கொஞ்சம் விவரமானவன். "சர்வர் செலவு தாங்கல" என்றான். பெரியவர்கள் பேசும்போதும் பெரும்பாலும் இந்த மூன்றுக்குள்தான் சுற்றுகிறார்கள். மூன்றிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆனாலும் இவற்றை வைத்துக்கொண்டு, நல்ல ஆட்டம் ஏன் செத்தது, சுமாரான ஆட்டம் ஏன் இருபது ஆண்டு ஓடுகிறது என்று கேட்டால் பதில் வராது. சர்வர் பராமரிப்பதுதான் எனக்குப் பிழைப்பு என்பதால் எனக்குத் தெரிந்த மாதிரி அவனுக்குச் சொன்னேன். சாப்பாடு ஆறிப்போனது. அதையே இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

கேரம் பலகையும் காற்பந்துத் திடலும்

கேரம் பலகை ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துவிட்டால் அது உங்களுடையது. விற்ற கடை மூடினாலும் கவலையில்லை. ஆள் இல்லையென்றால் தனியாக உட்கார்ந்து காய் அடித்துக்கொண்டிருக்கலாம். அந்தக் காலத்தில் வட்டில் வாங்கி ஆடிய கணினி விளையாட்டுகள் இந்த வகை.

இப்போது புளோக்குக்குக் கீழே, கம்பி வலை அடைத்த சின்னக் காற்பந்துத் திடலை நினைத்துக்கொள்ளுங்கள். மாலை ஏழு மணி. 5-க்கு 5 ஆட்டம். திடலும் இருக்கிறது, பந்தும் இருக்கிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் அன்று ஆட்டம் உண்டா இல்லையா என்பதை இவை எதுவும் முடிவுசெய்வதில்லை. பத்துப் பேர் வந்தார்களா என்பதுதான் முடிவுசெய்கிறது. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டு இந்த வகை.

திடலில் ஒரு நடுவரும் வேண்டும். உங்கள் கைப்பேசியில் இருப்பது ஆட்டத்தின் படங்களும் ஒலியும் பொத்தான்களும் மட்டுமே. யார் எங்கே நிற்கிறார், யாருடைய குண்டு யார்மேல் பட்டது, யாருக்கு எவ்வளவு உயிர் மிச்சம் என்ற கணக்கெல்லாம் எங்கோ ஒரு தரவு நிலையத்தில் ஓடும் கணினியிடம் இருக்கிறது. அதுதான் சர்வர். வாலரண்ட் ஆட்டத்தில் இந்த நடுவர் ஒரு நொடிக்கு 128 முறை கணக்கைப் புதுப்பித்து எல்லாருக்கும் தீர்ப்புச் சொல்கிறார்.

இந்த வேலையைக் கைப்பேசிகளிடமே விட்டால் என்ன? விடலாம்தான். "அவன் சுட்டது என்மேல படவே இல்ல" என்று ஒவ்வொரு கைப்பேசியும் தன் முதலாளிக்குச் சாதகமாகவே சாட்சி சொல்லும். ஏமாற்றுகிறவர்களைத் தடுக்கவே கணக்கைத் தங்கள் கையில் வைத்துக்கொள்கின்றன நிறுவனங்கள். அதன் மறுபக்கம்தான் அக்கா மகனுடைய துக்கம்: நடுவர் வீட்டுக்குப் போய்விட்டால் உங்கள் கைப்பேசியில் இருப்பது வெறும் படம்.

ஆக இதுவரை பார்த்தது இவ்வளவுதான். இணைய விளையாட்டு என்பது ஒரு பொருளைவிட ஒரு கூட்டத்துக்குத்தான் நெருக்கம். கூட்டம் கூட ஆள் வேண்டும், ஒரு நடுவரும் வேண்டும். முதலில் ஆள் கணக்கு.

5000 பேர் இருந்தும் ஆள் போதாமல் போவது எப்படி

"ஆயிரக்கணக்கில் ஆடிக்கொண்டுதானே இருந்தார்கள்?" இந்தக் கேள்வியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். கொஞ்சம் பொறுமையாகக் கணக்குப் போடலாம். கீழே வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை.

ஓர் ஆட்டத்தில் இந்த நிமிடம் உலகம் முழுவதும் 5000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கேட்க நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த 5000 பேரையும் ஒரே திடலில் இறக்கிவிட முடியாது. தூரம் குறுக்கே நிற்கிறது. கண்ணாடி இழைக் கம்பிக்குள் ஒளி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சிங்கப்பூரிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். நீங்கள் சுட்ட செய்தி அங்கே போய், தீர்ப்பு திரும்பி வர 28,000 கிலோமீட்டர். கம்பி நேராகப் போனாலும், நடுவில் எங்கும் நிற்காமல் போனாலும் 140 மில்லி செகண்ட், அதாவது ஒரு நொடியில் ஏழில் ஒரு பங்கு, ஆகிவிடும். இந்தப் போய்வரும் நேரத்தைத்தான் பிங் என்கிறார்கள். 140 என்பது இயற்கை விதித்த அடிமட்டம். உண்மையில் அதைவிடக் கூடத்தான் வரும். துப்பாக்கி ஆட்டத்தில் அவ்வளவு நேரம் கிடைத்தால் எதிராளி உங்களைச் சுட்டுவிட்டு அடுத்த சந்துக்குப் போயிருப்பான்.

அதனால் வட்டாரத்துக்கு ஒரு சர்வர் வைக்கிறார்கள். தென்கிழக்காசியாவுக்கான சர்வரைப் பல நிறுவனங்கள் சிங்கப்பூரில்தான் வைத்திருக்கின்றன. ஜகார்த்தாவிலும் கோலாலம்பூரிலும் இருக்கும் பையன்கள் இரவில் ஆடும் ஆட்டத்துக்கு நம் தீவில் இருக்கும் ஒரு கணினிதான் நடுவர். (நமக்குப் பிங் இவ்வளவு குறைவாகக் காட்டுவதற்குத் திறமை காரணமில்லை, வீடு பக்கத்தில் இருப்பதுதான் காரணம். அக்கா மகன் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

சரி, கணக்குக்கு வருவோம். உலகத்தை ஐந்து வட்டாரமாகப் பிரித்தால் நம் பக்கம் 1000 பேர். ஆட்டத்துக்குள் நான்கு வகைப் போட்டிகள் இருந்தால் ஒரு வகைக்கு 250. அந்த 250 பேரில் ஐந்தில் நான்கு பேர் ஏற்கெனவே ஒரு போட்டிக்குள் இருப்பார்கள். ஆள் தேடிக் காத்திருப்பவர்கள் 50. புதிதாக வந்தவனை ஐந்து வருடம் ஊறியவனோடு மோதவிடக் கூடாது என்பதற்காகத் திறமைப்படி ஐந்து படிகளாகப் பிரித்தால், ஒரு படியில் 10 பேர்.

5000 எங்கே, 10 எங்கே! 5-க்கு 5 ஆட்டத்துக்குச் சரியாகப் பத்துப் பேர். அதில் ஒருவனை அம்மா சாப்பிடக் கூப்பிட்டால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

இப்படி ஆள் பொறுக்கிக் குழு அமைக்கும் வேலையைச் செய்யும் நிரலுக்கு மேட்ச்மேக்கிங் என்று பெயர். தமிழில் பொருத்தம் பார்ப்பது என்று சொல்லிவிடலாம். கல்யாணப் பொருத்தம் மாதிரியேதான் இதுவும். வரன்கள் நிறைய இருந்தால் பத்துப் பொருத்தமும் பார்க்கலாம். வரன் குறைந்தால் இரண்டு வழிதான் உண்டு: இன்னும் காத்திருக்க வேண்டும், அல்லது பொருத்தத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். நிரல் காத்திருந்தால் ஆடுகிறவன் ஐந்து நிமிடம் வட்டம் சுழல்வதைப் பார்த்துக்கொண்டிருப்பான். விட்டுக்கொடுத்தால் புதியவன் பழையவர்களிடம் மாட்டி மூன்று நிமிடத்தில் பதினைந்து தடவை சாவான்.

இரண்டில் எது நடந்தாலும் சிலர் போய்விடுவார்கள். அவர்கள் போவதால் ஆள் இன்னும் குறையும். ஆள் குறைந்ததால் காத்திருப்பு இன்னும் நீளும். அது இன்னும் சிலரை விரட்டும். இதைச் சரிவுச் சுழல் என்று சொல்லிக்கொள்வோம். நம் திடலிலும் இதேதான். ஒரு வாரம் எட்டுப் பேர் வந்து, ஆட்டம் நடக்காமல், தூண் ஓரமாக உட்கார்ந்து பேசிவிட்டுக் கலைந்தால், அடுத்த வாரம் ஐந்து பேர்தான் வருவார்கள். அதற்கடுத்த வாரம் யாரும் வருவதில்லை. திடலில் எந்தக் கோளாறும் கிடையாது.

சுருக்கமாக: கூடி ஆடும் ஆட்டத்துக்கு ஒரு குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை உண்டு. அதற்கு மேலே இருக்கும்வரை எல்லாம் சரியாகவே தெரியும். அதற்குக் கீழே போனதும் மெல்லத் தேயாமல் சட்டென்று கவிழும்.

வரிசையைப் பார்த்து வரும் வரிசை

உணவங்காடி நிலையத்தில் நாம் எப்படிக் கடை தேர்ந்தெடுக்கிறோம்? எந்தக் கடைமுன் வரிசை நீளமோ அங்கே போய் நிற்கிறோம். என்ன விற்கிறார்கள் என்பதை வரிசையில் நின்ற பிறகு கேட்டுக்கொள்வோம். ஆள் இல்லாத கடையில் அதே மீ கோரேங் அருமையாக இருக்கலாம். ஆனாலும் கால் போகாது.

இணைய விளையாட்டிலும் வரிசை எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் இந்த நிமிடம் எந்த ஆட்டத்தில் எத்தனை பேர் என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். எண்ணிக்கை இறங்கத் தொடங்கியதும் "இது செத்த கேம்" என்று பேச்சுக் கிளம்பும். அந்தப் பேச்சைக் கேட்டு, வாங்க நினைத்தவரும் வாங்காமல் இருப்பார். செத்துவிட்டது என்று சொல்லிச் சொல்லியே சாகடிப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

சோனி நிறுவனத்தின் கான்கார்ட் இதில் பாடமாகவே ஆகிவிட்டது. 2024 ஆகஸ்ட் 23-ஆம் தேதி வெளியானது. 5-க்கு 5 துப்பாக்கி ஆட்டம். விலை 40 அமெரிக்க வெள்ளி. ஸ்டீமில் ஒரே நேரத்தில் ஆடியவர்களின் உச்ச எண்ணிக்கை 700-ஐக்கூட எட்டவில்லை. செப்டம்பர் 6-ஆம் தேதி சர்வர்களை நிறுத்தி, வாங்கியவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். இரண்டே வாரம்! அக்டோபர் இறுதியில் அதை உருவாக்கிய ஃபயர்வாக் ஸ்டுடியோவும் மூடப்பட்டது. சுடும்போது கைக்கு இதமாக இருந்ததாக ஆடிப் பார்த்தவர்கள் பலர் சொன்னார்கள். சற்றுமுன் 5000-இல் தொடங்கிப் போட்ட கணக்கை 700-இல் தொடங்கிப் போட்டுப் பாருங்கள். கடைசிப் படியில் ஒன்றரை ஆள் மிஞ்சுவான்.

முதல் நாள் கூட்டம் பெரிதாக இருந்தாலும் தப்பிக்க முடியாது என்பதற்கு வேறொரு ஆட்டம் இருக்கிறது. யூபிசாஃப்டின் எக்ஸ்டிஃபையன்ட் 2024 மே மாதம் இலவசமாக வந்தது. மொத்தம் 15 மில்லியன் பேர் ஆடியதாகக் குழுவின் தலைவரே பிறகு சொன்னார். ஆனால் அதே ஆண்டு டிசம்பரில் மூடும் அறிவிப்பு வந்தது. 2025 ஜூன் 3-ஆம் தேதி சர்வர்கள் நின்றன. போதுமான ஆட்களைத் தக்கவைக்க முடியவில்லை என்பதே நிறுவனம் சொன்ன காரணம்.

தக்கவைப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்று புதிதாக வந்த 100 பேரில் நாளை எத்தனை பேர், ஒரு வாரம் கழித்து எத்தனை பேர், ஒரு மாதம் கழித்து எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்ற கணக்கு அது. "இத்தனை மில்லியன் பதிவிறக்கம்" என்று விளம்பரத்தில் போடுவது திறப்பு விழாவுக்கு வந்து இலவசத் தேநீர் குடித்தவர்களின் எண்ணிக்கை. கடைக்காரருக்குப் புதன்கிழமை மதியம் யார் வருகிறார்கள் என்பதுதான் கவலை.

பெரியம்மா இருக்கும் குழு

தக்கவைப்பது ஏன் இவ்வளவு கடினம்? ஆட்டத்தை இன்னும் நன்றாகச் செய்தால் போதாதா?

உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவை இன்னும் நல்ல செயலி ஒன்றுக்கு மாற்றிப் பாருங்கள். நான் ஒருமுறை முயன்றேன். நான் மாறினேன், தம்பி மாறினான். ஜோகூரில் இருக்கும் சித்தப்பா மாறவில்லை, பெரியம்மாவுக்கு மாறவே தெரியாது. ஒரு வாரத்தில் நாங்கள் இருவரும் பழைய குழுவுக்கே திரும்பினோம். புதிய செயலியில் குறை எதுவும் இல்லை. பெரியம்மா அங்கே இல்லை, அவ்வளவே.

ஒன்றின் பயன் அதில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கூடுவதை வலைப்பின்னல் விளைவு என்பார்கள். புதிதாக வரும் ஓர் ஆட்டம் ஓர் ஆளை இழுத்தால் போதாது. அவனோடு ஆடும் நான்கு பேரையும் ஒரே வாரத்தில் இழுக்க வேண்டும். அவர்களோ ஏற்கெனவே வேறோர் ஆட்டத்தில் ஆண்டுக்கணக்கில் இருந்து, அதன் வரைபடங்களை மனப்பாடம் செய்து, ஸ்கின் என்று சொல்லப்படும் உடை அலங்காரங்களுக்குச் சீனப் புத்தாண்டு அங் பாவ் பணத்தையும் தீபாவளிப் பணத்தையும் கொட்டியவர்கள். விட்டுவிட்டு வா என்றால் வருவார்களா?

கான்கார்டின் சிக்கல் இங்கேதான் இருந்தது என்பது என் கருத்து. அது 40 அமெரிக்க வெள்ளி கேட்டபோது ஓவர்வாட்ச் 2-உம் வாலரண்டும் இலவசமாகவே கிடைத்துக்கொண்டிருந்தன. பையன்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். மோசமான ஆட்டமாக இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. நான்கு நண்பர்களையும் ஒன்றாக எழுப்பிக் கூட்டிவரும் அளவுக்கு அது வேறாக இல்லை.

அன்னதானத்தில் யார் காசு?

இனி, அந்த விவரமான பையன் சொன்ன சர்வர் செலவு.

காப்பிக்கடையில் கடை எடுத்து நடத்துகிறவரிடம் கேளுங்கள். எரிவாயுக் கட்டணம் ஒரு செலவுதான். ஆனால் அவர் தூக்கத்தைக் கெடுப்பது வாடகையும் ஆள் சம்பளமும். இணைய விளையாட்டில் சர்வர்தான் எரிவாயு. இந்தக் காலத்தில் சர்வரை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கலாம். ஆள் பாதியானால் சர்வரையும் ஏறத்தாழப் பாதியாக்கிவிடலாம்.

ஆட்களின் சம்பளத்தை அப்படிக் குறைக்க முடியாது. இப்போது வரும் ஆட்டங்கள் பெரும்பாலும் தொடர்சேவை ஆட்டங்கள், அதாவது விற்றதோடு நிற்காமல் மாதா மாதம் புதுப் பாத்திரம், புது வரைபடம், புதுப் போட்டி என்று கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியவை. கொடுப்பதை நிறுத்தினால் சலிப்பு வந்து ஆள் போய்விடும். இதற்கு ஓவியர்கள் வேண்டும், நிரலாளர்கள் வேண்டும். ஏமாற்றுக்காரர்களைப் பிடிக்கத் தனிக் குழு. அரட்டையில் கெட்ட வார்த்தை பேசுகிறவர்களைக் கண்காணிக்க இன்னொன்று. கைப்பேசியின் மென்பொருள் மாறும்போதெல்லாம் ஆட்டத்தைத் திருத்தவும் ஆள் வேண்டும். ஆடுகிறவர் 50,000 பேரானாலும் 5000 பேரானாலும் புது வரைபடம் வரைய ஆகும் உழைப்பு ஒன்றுதான்.

இந்தக் காசு எங்கிருந்து வருகிறது? இலவச ஆட்டங்களில் பெரும்பாலோர் ஒரு காசுகூடக் கொடுப்பதில்லை. ஒரு சிலர் அள்ளிக் கொடுக்கிறார்கள். தொழிலில் அவர்களுக்குத் திமிங்கிலம் என்று பட்டப்பெயர். எனக்கு அந்தச் சொல் பிடிப்பதில்லை. கோயில் அன்னதானத்தில் வரிசையில் நின்று சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். உபயதாரர் ஒருவரோ இருவரோதான். உபயதாரர் என்ற சொல் இதற்கு இன்னும் பொருந்துகிறது.

பொருத்தம் இன்னும் ஒரு படி ஆழமானது. சாப்பிட ஆளே வராத அன்னதானத்துக்கு எந்த உபயதாரர் பெயர் கொடுப்பார்? தங்க நிறத் துப்பாக்கியை 30 வெள்ளி கொடுத்து வாங்குகிறவனுக்கு அதைப் பார்த்து வாய்பிளக்க ஆள் வேண்டும். ஆகவே இலவசமாக ஆடுகிறவர்களைச் சுமை என்று நினைப்பது தவறு. அவர்கள்தான் கூட்டம், கூட்டம்தான் சரக்கு. கூட்டம் கலைந்தால் உபயமும் நின்றுவிடும். சரிவுச் சுழல் பணத்தைத் தொடுவது இப்படித்தான்.

பேராசை என்ற குற்றச்சாட்டுக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. ஆட்டம் இன்னும் சிறு லாபத்தில் ஓடிக்கொண்டிருந்தாலும் மூடிவிடுவார்கள் சில முதலாளிகள். அதில் வேலைசெய்யும் ஐம்பது பேரை வேறொரு வேலையில் போட்டால் இதைவிடக் கூட வரும் என்பது அவர்கள் கணக்கு. முதலாளியின் கணக்கில் அது நியாயம். ஆடிக்கொண்டிருப்பவனுக்கு அது துரோகமாகத்தான் தெரியும். நான் ஆடிக்கொண்டிருப்பவன் பக்கம்.

திரும்பிப் பார்த்தால்: சர்வர் செலவு சிறியது, சம்பளச் செலவு பெரியது. வரவு ஒரு சிலரிடமிருந்து வருகிறது, அந்தச் சிலரோ கூட்டம் இருந்தால்தான் கொடுப்பார்கள்.

வேறு விதமான சாவுகள்

ஆள் இருந்தும் சாகும் ஆட்டங்கள் உண்டு. அவற்றைச் சீக்கிரம் பார்த்துவிடலாம். அக்காவே ஒரு காலத்தில் விடியற்காலையில் எழுந்து தக்காளி அறுவடை செய்த ஃபேஸ்புக் ஃபார்ம்வில் 2020 டிசம்பர் 31-ஆம் தேதி மூடியது. அதைத் தாங்கி நின்ற ஃபிளாஷ் என்ற தொழில்நுட்பமே அன்றோடு முடிந்தது. சீனாவில் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் 2023 ஜனவரியில் நின்றது ஒப்பந்தச் சிக்கலால். அதை உருவாக்கிய பிளிசார்டும் அங்கே நடத்திவந்த நெட்ஈஸும் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டே சமாதானமாகி ஆட்டம் திரும்பிவிட்டது. நம் சிங்கப்பூரின் கரீனா நிறுவனத்தின் ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அது அரசாங்க முடிவு.

ஆள் குறைந்தாலும் பிழைப்பவை

சுழல் இவ்வளவு கொடியது என்றால் சில ஆட்டங்கள் எப்படித் தப்பிக்கின்றன? எனக்கு இதுதான் மிகவும் பிடித்த பகுதி.

அமங் அஸ் 2018-இல் வந்தது. இரண்டு ஆண்டு யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020-இல், நாம் எல்லாரும் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது, உலகமே அதை ஆடியது. அந்த இரண்டு ஆண்டு அது எப்படி உயிரோடு இருந்தது? செய்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், அதனால் சம்பளச் சுமை சிறியது. அதைவிட முக்கியமானது ஆட்டத்தின் அமைப்பு. ஓர் அறை திறந்து, அதன் குறியீட்டை நண்பர்களுக்கு அனுப்பி, தெரிந்தவர்களோடு ஆடலாம். உலகத்தில் வேறு யாருமே ஆடாவிட்டாலும் உங்கள் எட்டுப் பேருக்கு ஆட்டம் உண்டு. முன்பின் தெரியாதவர்களைப் பொறுக்கிச் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லாததால் பத்துப் பேர் கணக்கு அதைத் தொடவே இல்லை.

2005 முதல் நம் வட்டாரத்தில் ஓடும் மேப்பிள்சீயை எடுத்துக்கொள்ளுங்கள். இப்போது நாற்பதை எட்டப்போகும் பலர் உயர்நிலைப் பள்ளி நாட்களில் அந்த ஆட்டத்தில் காளான் உருவ எதிரிகளை அடித்தவர்கள்தாம். அங்கே தனியாகவே நாள் முழுக்க அடிக்கலாம். பக்கத்தில் ஆள் இருந்தால் நன்றாக இருக்கும், இல்லாவிட்டாலும் காளான் ஓடிவிடாது.

ஃப்ரீ ஃபயர் வேறு வழியில் போனது. போட்டியாளர்கள் ஓர் ஆட்டத்துக்கு 100 பேர் கேட்டபோது அது 50 பேரோடு நிறுத்திக்கொண்டது. ஆட்ட நேரத்தையும் ஏறத்தாழ பத்து நிமிடமாகச் சுருக்கியது. மலிவான கைப்பேசியிலும் ஓடும்படி செய்தது. மூன்றும் வடிவமைப்பு முடிவுகள் போலத் தெரியும். எனக்கென்னவோ மூன்றுமே ஆள் கணக்கு என்றுதான் படுகிறது. ஆட்டத்துக்கு ஆள் குறைவாகத் தேவை, சீக்கிரம் முடிந்து எல்லாரும் வரிசைக்குத் திரும்புகிறார்கள், விலையுயர்ந்த கைப்பேசி இல்லாதவர்களும் உள்ளே வரலாம்.

பாட் என்பது மனிதன்போல் ஆடும் நிரல். அதை நிரப்பிக் கூட்டம் காட்டும் ஆட்டங்களும் இருக்கின்றன. தொடக்கப் படிகளில் நீங்கள் வரிசையாகச் சுட்டு வீழ்த்துகிறவர்களில் பலர் மனிதர்களே இல்லை. அக்கா மகன் தன் முதல் வார வெற்றிகளைப் பற்றிப் பேசும்போது நான் இதைச் சொல்வதில்லை.

செத்துப் பிழைத்த கதையும் ஒன்று உண்டு. ஃபைனல் ஃபேண்டசி 14, 2010 செப்டம்பரில் வெளியாகிப் படுதோல்வி. உருவாக்கிய ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனம் அதைக் கைவிடவில்லை; நவோகி யோஷிடா என்பவரிடம் ஒப்படைத்தது. 2012 நவம்பரில் பழைய உலகத்தின்மேல் ஒரு நிலவையே விழவைத்துக் கதைப்படி அழித்துவிட்டு மூடினார்கள். 2013 ஆகஸ்ட் மாதம் அதே பெயரில் புது ஆட்டம் வந்தது, இன்றும் செழிப்பாக ஓடுகிறது. மூன்று ஆண்டுச் சம்பளத்தைத் தாங்கும் தெம்பும், தன் பெயருக்குக் களங்கம் வந்துவிட்டதே என்ற ரோஷமும் நிறுவனத்துக்கு இருந்தன. எல்லாருக்கும் அது வாய்ப்பதில்லை.

காசு கொடுத்து வாங்கியது எதை?

மூடிவிட்டார்கள் சரி, நான் வாங்கியதெல்லாம் என்ன ஆகும்? பெரும்பாலும் நீங்கள் வாங்கியது உரிமம்: அவர்கள் நடத்தும்வரை உள்ளே வர அனுமதி. பேருந்துச் சீட்டு வாங்கினால் பேருந்து நமதாவதில்லை.

இதை எல்லாரும் பேசாமல் ஏற்கவில்லை. யூபிசாஃப்டின் தி க்ரூ என்ற கார் ஓட்டும் ஆட்டம் 2024 மார்ச் 31-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. தனியாகவே ஆடக்கூடிய பகுதிகள் அதில் நிறைய இருந்தும் சர்வர் இல்லாமல் திறக்காது. காசு கொடுத்து வாங்கியவர்களின் வட்டும் பயனற்றுப்போனது. அதைத் தொடர்ந்து ராஸ் ஸ்காட் என்பவர் தொடங்கிய "ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்" இயக்கம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025-இல் ஒரு மில்லியனுக்கும் அதிகமான கையெழுத்துகளைச் சேர்த்தது. ஆட்டத்தை என்றென்றைக்கும் நடத்து என்று அவர்கள் கேட்கவில்லை. போகும்போது சாவியை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போ, நாங்களே ஒரு நடுவரை வைத்துக்கொள்கிறோம் என்கிறார்கள். சர்வர் நிரலுக்குள் பிறரிடம் உரிமம் பெற்ற பகுதிகள் இருக்கின்றன, அங்கே நடக்கும் குற்றங்களுக்கு யார் பொறுப்பு என்றெல்லாம் நிறுவனங்கள் தயங்குகின்றன. தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் முடியாத காரியமில்லை: 2012-இல் மூடப்பட்ட சிட்டி ஆஃப் ஹீரோஸ் ஆட்டத்தை ரசிகர்கள் தாங்களே நடத்திக்கொண்டிருந்தார்கள், 2024 ஜனவரியில் அதன் உரிமையாளரான என்சிசாஃப்ட் அவர்களுக்கு முறையான உரிமமே கொடுத்துவிட்டது.

கடைசி இரவு

அக்கா மகனுடைய ஆட்டம் மூடும் இரவில் நானும் ஈசூனில்தான் இருந்தேன். அவன் அறையில் நான்கு பேர். நள்ளிரவுக்குச் சர்வர் நிற்கும். பொத்தானை அழுத்தினான், ஐந்து நொடியில் ஆட்டம் கிடைத்தது. முடிந்ததும் மறுபடி அழுத்தினான். மறுபடி ஐந்து நொடி. அரட்டையில் இந்தோனேசியாவிலிருந்தும் பிலிப்பீன்ஸிலிருந்தும் யார் யாரோ அழுதுகொண்டிருந்தார்கள். நாற்பது வருடப் பழைய கடை மூடப்போகிறது என்று செய்தி வந்ததும் கடைசி நாளில் வரிசை படிக்கட்டைத் தாண்டி நிற்குமே, அப்படி இருந்தது.

"இவ்வளவு பேர் இருக்காங்களே மாமா" என்றான்.

"இத்தன நாளா எங்கடா போயிருந்தாங்க இவங்க?"

அவன் திரையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"நானே ஆறு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் மாமா உள்ள வர்றேன்."